நெஞ்சு வலியும் குடும்ப வரலாறும்

(ஊராட்சிச் செயலர்கள், மகளிர் சுய உதவிக் குழுப் பிரதிநிதிகள், குடிநீர்த் தொட்டி இயக்குபவர்கள் ஆகியோருக்காக நடைபெற்ற மூன்று நாள் பயிற்சி முகாமின் இறுதி நாளன்று, வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமின் முதல் இரண்டு நாட்களிலும் சாலை, குளம், குடிநீர், கழிவறை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினோம். இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு 'கிராம சுகாதாரம்' என்பதாகும். கிராம சுகாதாரம் என்றவுடன் கொசு, குப்பை, கழிவுநீர் என்பவையே நம் நினைவுக்கு வரும். அவற்றைக் குறித்து என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பக் கூறி நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. ஆகவே, வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் இளைஞனுக்கு நெஞ்சு வலி வருகிறது. காரணம் தெரியவில்லை. அவனுடைய குடும்பத்தில் இருதய நோயால் இளம் வயதிலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவன் என்ன செய்ய வேண்டும்? அவனைச் சுற்றியுள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்? இதுவே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. ஏனெனில், அந்த இளைஞனாக ஒரு காலத்தில் நானே இருந்தேன்.

ஆறு மாத மௌனம்

என் தந்தையார் 1997ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், வயல் வரப்பில் மண்வெட்டியுடன் சாய்ந்தார். அவருடைய தந்தையும் ஐம்பதைக் காணவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஐம்பது வயதில் ஒரு கண்டம் உண்டு என்று உறவினர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அதை விதி என்றே ஏற்றுக்கொண்டுவிட்டோம். விதி என்று ஒன்றை ஏற்றுக்கொண்டபின் அதை எவரும் விசாரிப்பதில்லை அல்லவா?

2007ஆம் ஆண்டில் எனக்கு வயது 29. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு இடப்பக்க மார்பில் ஊசியால் குத்துவது போன்ற வலி தோன்றியது. சில வினாடிகளில் மறைந்தது. மறுவாரம் மீண்டும் வந்தது. பிறகு நாள்தோறும் வரத் தொடங்கியது. தந்தையாரின் முகம் கண்முன் வந்து நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. வாயு என்று சொல்லிக்கொண்டு இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்தேன். மருந்துக் கடையில் வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்கி விழுங்கினேன். தாயாரிடம் சொல்லவில்லை; சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மையான காரணம் அதுவன்று. மருத்துவரிடம் சென்றால், தந்தைக்கு வந்ததே உனக்கும் வந்திருக்கிறது என்று அவர் கூறிவிடுவாரே என்ற அச்சந்தான். தெரியாமல் இருக்கும் வரையில் அது இல்லை என்று எண்ணிக்கொள்ளலாம். படித்துப் பட்டம் பெற்றவன், அரசு ஊழியன், ஆறு மாத காலம் இந்த மடமையிலேயே உழன்றேன்.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

கடைசியில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்த வயது முதிர்ந்த மருத்துவர் கருவி எதையும் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். வலி எந்த இடத்தில் வருகிறது? விரலால் சுட்டிக் காட்ட முடிகிறதா, அல்லது உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டியிருக்கிறதா? எத்தனை நேரம் நீடிக்கிறது? மாடிப்படி ஏறும்போதும் பாரம் தூக்கும்போதும் வந்து, ஓய்வெடுத்தால் அடங்குகிறதா? இடக்கை, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவுகிறதா? வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா?

இக்கேள்விகளின் பொருளை அன்று நான் அறியவில்லை, பிற்பாடு அறிந்துகொண்டேன். இருதயத்திற்கு இரத்தம் போதாமையால் வரும் வலி பெரும்பாலும் நடுமார்பில் அழுத்துவது போலவும், இறுக்கிப் பிடிப்பது போலவும் இருக்கும். உழைக்கும்போது மிகும், ஓய்வில் தணியும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாய், சில வினாடிகளே நீடிப்பதாய், அழுத்தினால் மிகுவதாய் உள்ள வலி பெரும்பாலும் விலா எலும்பு, தசை ஆகியவற்றைச் சார்ந்தது. இரைப்பை அமிலம் மேலேறி வருவதும், மன அச்சமும்கூட நெஞ்சு வலியை உண்டாக்கும். இளம் வயதினரின் நெஞ்சு வலியில் இருதயம் காரணமாக இருப்பது சிறு பங்கேயாகும். ஆயினும் அந்தச் சிறு பங்கைத் தள்ளிவிடவும் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாக இல்லாமல், வெறும் களைப்பாகவோ மூச்சு வாங்குதலாகவோ வயிற்று எரிச்சலாகவோ தோன்றக்கூடும். இதை எங்கள் வீடு பின்னர் அனுபவத்தில் கண்டது.

மருத்துவர் தம் விரலால் என் மார்பெலும்பின் ஓரத்தில் ஓரிடத்தை அழுத்தினார். "ஐயோ!" என்றேன். "இதுதானே நீங்கள் சொல்லும் வலி?" என்றார். அதுவேதான். விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் ஏற்பட்ட அழற்சி. நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் மேடு பள்ளமான பாதையில் மோட்டார் சைக்கிளில் சென்றுவந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால், அழுத்தினால் வலிக்கிறது என்பதனால் மட்டும் இருதயம் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது என்று கூறி, இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அது சரியாக இருந்தது.

எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. கைகூப்பி விடைபெற்று எழுந்தேன். அவர், "உட்காருங்கள்" என்றார். "உங்கள் வலி என்னவென்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உங்கள் தந்தையார் 48 வயதில் ஏன் இறந்தார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அது உங்கள் வலியைவிடப் பெரிய கேள்வி" என்றார்.

நண்பர்களே, இன்றைய உரையில் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான். வலி ஒரு கேள்வி; குடும்ப வரலாறு மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று விடை வந்தால், இரண்டாவது கேள்வி தானாகவே தீர்ந்துவிடாது.

பம்பு, மின்சாரம், குழாய்

இருதயத்தைப் பரிசோதிக்கப் பலவகைக் கருவிகள் உள்ளன. எது எதற்கு என்று தெரியாமல், 'இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை' என்று திரும்பி வருகிறவர்கள் பலர். இங்கே குடிநீர்த் தொட்டி இயக்குபவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் தொழிலைக் கொண்டே இதை விளக்கிவிடலாம்.

தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரார் வந்து நிற்கிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறீர்கள். பிறகு பம்பும் வால்வும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிறீர்கள். பிறகு குழாயில் அடைப்பா என்று பார்க்கிறீர்கள். இருதயமும் அத்தகையதே. அதற்கு மின்சாரம் உண்டு. அது ஒரு பம்பு. அதற்கு வால்வுகள் உண்டு. அதற்கே உணவளிக்கும் இரத்தக் குழாய்களும் உண்டு.

இ.சி.ஜி. என்பது மின்சாரத்தைப் பார்ப்பது. நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் என்ற அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கான கருவியைச் செம்மைப்படுத்தினார். அதற்காக 1924இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய கருவி மிகப் பெரியதாக இருந்தது. இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. இன்று அதைக் கையில் எடுத்துச் செல்லலாம். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதும், இருதயத் துடிப்பு தாறுமாறாகும்போதும் இது பெரிதும் உதவும். ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் சீராக வருகிறது என்பதால், குழாயில் துரு படியவில்லை என்று ஆகிவிடாது. குழாயில் பாதியளவு அடைப்பு உள்ளவர் ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுக்கும் இ.சி.ஜி. முற்றிலும் சரியாகவே இருக்கக்கூடும்.

எக்கோ என்பது பம்பையும் வால்வையும் பார்ப்பது. ஒலி அலைகளைக் கொண்டு இருதயத்தின் சுவர்களையும் வால்வுகளையும் காணும் இம்முறையை 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கிவைத்தனர். இருதயத் தசை பரம்பரையாகவே தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. சுமார் 500 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. பந்து விளையாடும்போதோ ஓடும்போதோ இளைஞர் ஒருவர் திடீரென்று விழுந்து இறக்கும் நிகழ்ச்சிகள் சிலவற்றிற்கு இதுவே காரணம். இதைக் கண்டறிய எக்கோ இன்றியமையாதது.

டிரெட்மில் பரிசோதனை என்பது, மோட்டாரின் மீது பாரத்தை ஏற்றிப் பார்ப்பது போன்றது. ஓடும் பட்டையின் மீது நடக்கவைத்து, உழைக்கும்போது இருதயம் எவ்வாறு இயங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஆஞ்சியோகிராம் என்பது குழாயையே நேரில் பார்ப்பது. இப்போது சி.டி. கருவியின் மூலம், இருதயத்திற்குள் குழாய் செலுத்தாமலேயே அடைப்பைக் காணும் முறையும் வந்துவிட்டது. ஒருநாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியும் உண்டு. படபடப்பும் மயக்கமும் உள்ளவர்களுக்கு அது பொருத்தப்படும்.

தண்ணீரின் தரத்தை நாம் சோதிப்பது போல, இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். திடீரென்று கடும் வலி வந்தவருக்கு ட்ரோபோனின் என்ற பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். இருதயத் தசை சேதமடைந்தால் அது இரத்தத்தில் மிகும். ஆனால் அது மிகுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே முதல் முறை சரியாக இருந்தாலும், இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் எடுப்பார்கள். 'ஒருமுறை பார்த்தாயிற்றே, வீட்டுக்குப் போகலாம்' என்று உறவினர்கள் அவசரப்படலாகாது.

இவை யாவும் எல்லோருக்கும் வேண்டும் என்பதன்று. தேவையற்ற பரிசோதனை பணத்தை விரயமாக்கும். வீண் அச்சத்தையும் உண்டாக்கும். எதை முதலில், எதைப் பின்னால் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் அவர் சரியாகத் தீர்மானிக்க வேண்டுமானால், நம் குடும்ப வரலாற்றை நாம் அவரிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

குதிகாலில் இருந்த சாட்சி

என் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர் என் குதிகாலுக்கு மேலுள்ள நரம்பைத் தடவிப் பார்த்தார். அது தடித்திருந்தது. சிறு வயதில் சைக்கிள் மிதித்ததால் அப்படி ஆயிற்று என்று நான் நினைத்திருந்தேன். அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பு எனக்கு 238 மில்லிகிராம் இருந்தது. பெரியவர்களுக்கு அது 190க்கு மேல் இருந்தால், பிறவியிலேயே வந்த கொழுப்பு நோயோ என்று ஐயுற வேண்டும் என்பது மருத்துவ விதி. நானோ ஒல்லியான தேகமுடையவன்; மாமிசம் உண்பதும் அரிது.

இந்நோய் உணவினால் வருவதன்று. இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்றும் கல்லீரலின் திறன் பிறவியிலேயே குறைந்திருப்பதால் வருவது. அமெரிக்க அறிஞர்களான பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவரும் இதன் காரணத்தைக் கண்டறிந்து 1985இல் நோபெல் பரிசு பெற்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற பேதம் இல்லை. சிகிச்சை பெறாவிட்டால், இந்நோயுள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐம்பது வயதிற்குள் இருதய நோய்க்கு ஆளாகிறார்கள். எங்கள் குடும்பத்தின் 'ஐம்பது வயதுக் கண்டம்' என்பது இதுதான்!

உலக ஆய்வுகளின்படி சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. ஒரு லட்சம் மக்கள் வாழும் ஒன்றியத்தில் இக்கணக்கின்படி 400 பேர் இருக்கக்கூடும். அவர்களில் எத்தனை பேருக்குத் தமக்கு நோய் இருப்பது தெரியும்? மிகச் சிலருக்கே தெரியும்.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படிந்திருந்த பூஞ்சையிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைக் கண்டெடுத்தார். அவ்வழியில் வந்தவையே இன்றைய ஸ்டேட்டின் மாத்திரைகள். பூசணம் பிடித்த அரிசியைக் கண்டால் நாம் முகம் சுளிக்கிறோம். அதற்குள் இருந்த மருந்தை ஒருவர் கண்டுபிடித்தார். அந்த மாத்திரையைப் பதினெட்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் உட்கொண்டுவருகிறேன். என் வயது இப்போது 47. வரும் ஆண்டில் என் தந்தையாரின் வயதை எட்டுவேன்.

தமக்கையாரின் களைப்பு

உங்கள் இரத்த உறவினர் யாவரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள் என்று மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார். பக்கத்துத் தெருவில் வாழ்ந்த என் தமக்கையாரை அழைத்துச் சென்றேன். அவருக்கு அப்போது வயது 34. நெஞ்சு வலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர்க் குடத்துடன் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தாடை இழுக்கிறது என்று மட்டும் சில மாதங்களாகச் சொல்லிவந்தார். வீட்டு வேலை செய்து செய்து களைத்துவிட்டாள் என்றும், இரத்த சோகை என்றும் நாங்கள் கருதினோம். கொழுப்பு 260க்கு மேல் இருந்தது. டிரெட்மில் பரிசோதனையில் மூன்றாம் நிமிடத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். ஆஞ்சியோகிராமில் முக்கியமான குழாய் ஒன்றில் பெரும் அடைப்பு காணப்பட்டது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் இன்றும் நலமாக இருக்கிறார். பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்.

வலித்துக்கொண்டிருந்த என் இருதயத்தில் ஒன்றுமில்லை. வலிக்கிறது என்று சொல்லாத என் தமக்கையாரின் இருதயத்திலேயே நோய் இருந்தது. நான் மேலும் ஓராண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

நான் செய்த பிழை

இதோடு இக்கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. இனி நான் சொல்லப்போவதைச் சபையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விடுவது மேலும் பெரிய குற்றமாகும்.

அப்போது என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் பெண் பார்க்கும் ஏற்பாடு நடந்தது. "இருதய நோய்க் குடும்பம் என்று பெயர் வந்துவிட்டால் எவர் சம்பந்தம் செய்வார்? நான்கு சுவருக்குள் இருக்கட்டும்" என்று தாயார் சொன்னார். நானும் உடன்பட்டேன். தங்கையைச் சோதித்ததில் அவளுக்கு நோயே இல்லை. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. எனக்குத் திருமணமான பிறகு என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டது நோய்க்காக அன்று, மறைத்ததற்காக.

பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில் என் பெரியப்பா மகன் இருந்தார். எனக்கு அண்ணன் முறை, உழவர், மெலிந்த உடல், பீடிகூடப் புகைக்காதவர். செய்தி அங்கே சென்றால் உறவு வட்டம் முழுவதும் பரவிவிடும் என்று கருதி அவரிடம் நான் சொல்லவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சந்தித்தோம். மழை, விதை, பயிர்க் கடன் ஆகியவற்றைப் பற்றிப் பேசினோம். ஆறு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

2013ஆம் ஆண்டில் அவருக்கு மூன்று நாட்களாக நெஞ்சில் எரிச்சல். வாயு என்று சோடா குடித்தார். நான்காம் நாள் விடியற்காலையில் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. வயது 41. அவர் கையருகே இருந்த சோடாப் புட்டியைப் பற்றி அண்ணியார் சொல்லிச் சொல்லி அழுதபோது, அங்கே கூடியிருந்தவர்களில் அதன் பொருளை முழுவதும் அறிந்தவன் நான் ஒருவனே.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிச்சயமாகப் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். பிழைப்பதற்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அதை நான் கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளைகளை எங்கே அழைத்துப் போக வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். பெண்ணுக்கு நோய் இல்லை. பையனுக்கு இருந்தது. அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு.

நாம் செய்ய வேண்டியவை

நிற்க. என் துயரத்தைக் கேட்பதற்காக நீங்கள் இங்கே கூடவில்லை. உங்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறையின் வரலாற்றை எழுதுங்கள். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, அவர்களுடைய உடன்பிறந்தார், உங்கள் உடன்பிறந்தார் ஆகியோரில் யார் யார், எந்த வயதில், எவ்வாறு இறந்தார்கள் என்று குறியுங்கள். தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதிற்கு முன்பும், தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதிற்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் அதன் கீழே கோடிடுங்கள். தூக்கத்தில் இறந்த இளைஞர், ஓடும்போது விழுந்தவர் ஆகியோரையும் விடாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை கிணற்றில் மூழ்கியிருந்தால், 'முனி அடித்தது' என்று சொல்லிவிடுகிறோம். இருதயத்தின் மின்னோட்டத்தில் பரம்பரையாக வரும் கோளாறு ஒன்று, நீந்தும்போது துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. இ.சி.ஜி. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். இத்தாளைக் குடும்ப அட்டையுடன் பெட்டியில் வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். ஊராட்சிச் செயலர்களே, இதை அலுவலகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். ஒரு குடும்பத்தின் நோய் ஊர்ப் பேச்சாகிவிடுமானால், என் தாயாரைப் போல எல்லோரும் மறைக்கவே முற்படுவார்கள்.

இரண்டாவது, வரலாறு அவ்வாறு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் தொடங்கலாம். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற மற்றொரு பரம்பரைக் கொழுப்பையும் வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பது நலம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். உறவுக்குள் மணம் பேசுகிறவர்கள் இருபக்க வரலாற்றையும் ஆராயுங்கள். மணமக்கள் இருவருக்கும் இக்கொழுப்பு நோய் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இருவரிடமிருந்தும் அது சேர்வதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய குழந்தைக்குப் பள்ளிப் பருவத்திலேயே இருதய நோய் வரலாம்.

மூன்றாவது, நெஞ்சில் அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்து, வியர்வையோ மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்திருந்தால், இளைஞன்தானே என்று காத்திருக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட 108 ஊர்தியை அழையுங்கள்; மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்து அழைத்துச் செல்லாதீர்கள். மருத்துவமனையை அடைந்த பத்து நிமிடத்திற்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நெறி. அதைக் கேட்டுப் பெறுங்கள். 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகிய மருந்துகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கொடுப்பதற்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்குள்ளவர்கள் பார்த்துத் தருவதற்கு நாம் காலத்தோடு போய்ச் சேர வேண்டும்.

நான்காவது வேண்டுகோள் மகளிர் குழுவினருக்கு. குடும்பத்தில் களைப்பு என்று முதலில் சொல்பவரும், கடைசியில் கவனிக்கப்படுபவரும் பெண்களே. உங்கள் குழுக் கூட்டத்தில் கடன் தவணையைக் கேட்கும்போதே, "படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்ற ஒரு கேள்வியையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத பரிசோதனை அது.

பாலம் இடிந்தால் ஏன் இடிந்தது என்று நாம் விசாரணை நடத்துகிறோம், அறிக்கை எழுதுகிறோம், அடுத்த பாலத்தைச் சரியாகக் கட்டுகிறோம். நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் வரப்பில் சாய்ந்தால் மட்டும், விதி என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறோம். அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் அண்ணன் மகனுக்கு இப்போது வயது 24. தந்தையின் நிலத்தையே உழுகிறான். கொழுப்பு கட்டுக்குள் இருக்கிறது. சென்ற மாதம் அவனுக்குப் பெண் பார்க்கச் சென்றோம். காபி வந்ததும் அவனே பேச்சைத் தொடங்கி, தன் தந்தை எவ்வாறு இறந்தார், தான் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதைப் பெண் வீட்டாரிடம் எடுத்துச் சொன்னான். எனக்கு நெஞ்சு படபடத்தது. பெண்ணின் தந்தையார் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "எங்கள் பக்கத்திலும் ஒருவர் அப்படி இறந்திருக்கிறார், என்ன பரிசோதனை என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை.